காவேரிக்காரரின் மாப்பிள்ளைக்கு

குளித்தலையில் காவேரித் தண்ணீர் குடித்துக் கன்னம் உப்பிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கு, திருவண்ணாமலையில் பாக்கி இருக்கும் அப்பா எழுதுவது. மாப்பிள்ளை என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மகனே என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். போன வாரம் நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து உன் மாமனார், "மாப்ள, தண்ணி நல்லா வருது, இறங்கலாமா?" என்று கூப்பிட்டார். நீ "தோ வரேன் மாமா" என்று என்னை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினாய். அதற்குப் பிறகு மகனே என்று எழுதப் பேனா கொஞ்சம் மக்கர் செய்கிறது. அந்தத் 'தோ' நம் ஊர்ச் சரக்கு என்பதையாவது ஞாபகம் வைத்துக்கொள். அதையும் அங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கிறாய்.

ஓடுவதற்கு முன் நீ சொன்னது இவ்வளவுதான். கயலுக்கு மாசமாகியிருக்கிறது. பேங்க்கில் உனக்கு இனி அந்த ஊரே நிரந்தரம்போலத் தெரிகிறது. மாமனார் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, கொல்லைக் கதவைத் திறந்தால் ஆற்றுக்குப் போகிற மாதிரி, பெரிய வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்துவிட்டது. "நீயும் அம்மாவும் இங்கியே வந்துடுங்கப்பா. அங்க இன்னா இருக்கு?" என்றாய். பேரப்பிள்ளை வரப்போகிற சந்தோஷத்தில் நான் ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தேன். 'அங்க இன்னா இருக்கு' என்பது காதுக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் கெட்டேன். எழுதிச் சொல்கிறேன் என்று நான் சொல்வதற்குள் நீ ஓடிவிட்டாய். உன் அம்மா நான் வைப்பதற்கு முன்பே தலையாட்டிவிட்டாள். ஆக, கேள்வி எனக்கு மட்டும்தான் மிச்சம். வராவிட்டால் இந்த வீட்டில் நான், மாடி அறையில் தியானத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், கொல்லையில் தண்ணீர் ஏறாத ஒரு மோட்டார் என்று மூன்று பேர் இருப்போம். வந்தாலோ, உன் மாமனாரின் ஆற்றங்கரையில் ஆயுள் முழுக்க நான் விருந்தாளி.

இதை ஏன் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று கேட்பாய். வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் உன் மாமனார் பிரித்து, காவேரியைப் பற்றி இருக்கும் வரிகளை மட்டும் தெருவுக்கு வாசித்துக் காட்டுவார். அச்சில் வந்தால் முழுசாகப் படித்தாக வேண்டும்.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைப்பானேன். மற்றவர்கள் வயிற்றெரிச்சல் என்று சொல்வார்கள். நெருப்புத் தலத்தில் பிறந்தவன் எரியாமல் குளிருமா? நம் ஊர்ச் சாமி நெருப்பாக நின்றவர். உன் மாமனாரைக் கேட்டால், "எங்க பக்கம் ஆனைக்காவுல சாமி தண்ணியாவே இருக்காருங்க" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். மாடி வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கிய அன்றே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இந்தப் புண்ணிய ஊரின் ஆறு எங்கே என்பது. காசிக்குக் கங்கை இருக்கிறது, ஸ்ரீரங்கத்துக்குக் காவேரி இருக்கிறது, இங்கே மலை மட்டும்தானா என்று கேட்கிறார். பஸ் பிடித்தால் தெற்கே ஒரு மணி நேரத்தில் தென்பெண்ணை என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மணல் நன்றாக இருந்தது" என்றார். மரியாதை தெரிந்த மனுஷன்.

இந்த வியாதி எனக்கு எப்போது பிடித்தது என்று தெளிவாகவே சொல்லமுடியும். உனக்குப் பெண் பார்க்கப் போன அன்று. காபிக்கு முன்னால், பலகாரத்துக்கு முன்னால், உன் மாமனார் வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பார்க்க வந்த இடத்தில் என்னைப் பார்க்கிறாரே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"எப்படிங்க இருக்கு?"

"தண்ணியாட்டம் இருக்குங்க."

"அதாங்க விசயம். தண்ணி தண்ணியாட்டம் இருக்கணும். உங்க பக்கம் எப்படி, போர் தண்ணியா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் உன் அம்மா பக்கம் திரும்பி, "இங்க ரெண்டே விசிலுங்க, பருப்பு பூவா மலர்ந்துடும்" என்றார். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்துக்கு முன்னால் நான் மறைத்த ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டவள் பார்க்கிற பார்வை. உனக்குத்தான் தெரியுமே, நம் வீட்டுத் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்து நிற்கும். வாளியெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். சோப்புப் போட்டால் நுரைக்காது, சண்டைதான் வரும். இதையெல்லாம் நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் அந்த மனுஷர் என் சமையலறையையே கவிழ்த்துவிட்டார்.

கல்யாணம் நம் ஊரில், செலவு நம்முடையது, சமையல்காரர் நம்மவர். எல்லாம் நம் கையில் இருக்கிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மண்டப வாசலில் நின்றால், பெண் வீட்டு வேனிலிருந்து சீர்வரிசைக்கு முன்னால் இறங்குகிறது பித்தளைக் குடங்களில் காவேரி. நலங்குக்கு என்றார்கள். சரி, சம்பிரதாயம் என்று விட்டேன். மிச்சத்தைச் சமையல்காரர் ரசத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். பந்தியில் என் பெரியப்பா மகன், என் ரத்தம், ரசத்தை உள்ளங்கையில் வாங்கி வாங்கிக் குடித்துவிட்டு, "டேய், கைப்பக்குவம் மட்டும் போதாதுடா, தண்ணியும் வேணும்" என்று சொன்னான். அவனோடு அன்றைக்குப் பேச்சைக் குறைத்தவன், இன்னும் கூட்டவில்லை.

நம் ஆற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தென்பெண்ணைக்கும் ஒரு காலம் இருந்தது, இப்போதும் உபயோகம் இருக்கிறது. குழாயில் வாரத்துக்குச் சில நாள் வருகிறதே, அது சாத்தனூர் அணைத் தண்ணீர். மணிலாக்கொட்டையும் நெல்லும் விளைவது அதை நம்பித்தான். உன்னைப் பொறுத்தவரை அந்த ஆற்றின் தலையாய உபயோகம் மீன் வறுவல். காணும் பொங்கல்தோறும் உன்னை ஸ்கூட்டர் முன்னால் நிற்க வைத்து அணைக்கு அழைத்துப் போவேன். இலையில் சுடச்சுட வறுவல் வாங்கித் தருவேன். பிறகு முதலைப் பண்ணைக்குப் போய், வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும் முதலைகளைப் பார்ப்போம். "இது உசுரோட இருக்காப்பா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய். "வெயில் ஜாஸ்திடா, அதான் சும்மா கெடக்குது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். ஆற்றை உனக்குக் காட்டினேன், தின்னவும் கொடுத்தேன். அதில் உன்னை இறக்கியதில்லை. இறக்குவதற்கு வருஷத்தில் முக்கால்வாசி நாள் அணைக்குக் கீழே மணல்தான். பிறகு அந்த மணலையும் லாரி லாரியாகக் குடித்துவிட்டார்கள். எப்போதாவது ஒரு கார்த்திகைப் புயலில் ஆறு வரும். அப்போது யாரையும் கேட்டுக்கொண்டு வராது, பாலத்தோடு போகும். கோபக்கார மச்சான் விருந்துக்கு வருகிற மாதிரி, வராமலிருந்தாலும் குறை, வந்தாலும் பயம். காவேரி அப்படியில்லை. மேட்டூரில் திறந்தார்கள் என்று செய்தியில் சொல்கிறார்கள், சொன்ன நாளில் படித்துறையில் வந்து நிற்கிறது. ஒரு ஆறு இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கக்கூடாது.

ஆடிப்பெருக்குக்கு உன் மாமனார் அழைத்தபோது நான் வெறுங்கையோடு வரவில்லை என்பது உனக்குத் தெரியும். தாலிக்கயிறு மாற்றுகிற நல்ல நாளில் நம் பக்கத்து ஆற்றுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று ஐந்து லிட்டர் கேனில் நிரப்பி, மூன்று பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். படித்துறையில் என்ன கூட்டம். காதோலை கருகமணி, மஞ்சள், காப்பரிசி, வாழை இலையில் விளக்கு என்று ஆறு முழுக்கப் புதுப்பெண்கள். அதற்கு நடுவில் சமையல் எண்ணெய் கேனோடு நான் ஒருவன்.

"இதென்னங்க சம்மந்தி, கேன்ல?"

"தென்பெண்ணைங்க."

"அண்ணாமலையார் தீர்த்தங்களா?"

நான் விளக்குவதற்குள் உன் அம்மா, "தையில அவரு போயி குளிக்கிற ஆத்துத் தண்ணிதாங்க" என்று முடித்துவிட்டாள். பொய்யில்லை. தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்குப் போய்த் தென்பெண்ணையில் தீர்த்தவாரி முடித்துக்கொண்டு வருவது உலகத்துக்கே தெரியும். அது நம் வீட்டுக் குழாயில் புதன்கிழமை காலையில் பிடித்த தண்ணீர் என்பது மட்டும் உலகத்துக்குத் தெரியாது. உன் மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். கயல் தலையில் தெளித்தார், உன் தலையில் தெளித்தார், தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏதோ மருந்து வாசம் வருதேப்பா" என்றார். "மலையத் தொட்டு வர்ற தண்ணிக்கா, மூலிகை இருக்கும்ல" என்றார் உன் மாமனார். நீ அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். குளோரினுக்கு அப்படி ஒரு மரியாதை எந்த ஊரிலும் கிடைத்திருக்காது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். எரிச்சலாக இருந்தது. என் தண்ணீரைக்கூட என்னைவிட நன்றாக அவர்தான் பாராட்டுகிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் பருப்புப் பொறாமை, ரசப் பொறாமை. சிரித்துவிட்டுப் போகலாம். மறுநாள் காலையில் நடந்தது வேறு. கூட்டம் கலைந்த ஆற்றில், இழுப்பில்லாத ஓரமாகப் பார்த்து நீயும் உன் மாமனாரும் இறங்கினீர்கள். நான் படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, பேங்க்கில் அதிகாரி, தண்ணீரில் குப்புறப் படுத்துக்கொண்டு கையையும் காலையும் உதறுகிறாய். உன் வயிற்றுக்கு அடியில் அவர் கை. "எக்காதீங்க மாப்ள. பயப்படாதீங்க, நான் புடிச்சிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை எடுத்துவிட்டார். உனக்கு அது தெரியவில்லை. நீ போய்க்கொண்டே இருந்தாய். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, ஈரக்கையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷர். என்னோடு பங்குபோட்டுக்கொள்ளத்தான் சிரித்தார். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

'நான் பிடிச்சிருக்கேன்' என்பது நான் சொல்ல வேண்டிய வாக்கியமடா. சைக்கிள் பழக்கியபோது கிரிவலப் பாதையில் உன் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறேன். தண்ணீரில் சொல்ல எனக்குத் தண்ணீர் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது, எனக்கே நீச்சல் தெரியாது. உன்னிடம் நான் இதுவரை சொல்லாத புத்திமதி ஒன்று இருக்கிறது, இப்போது சொல்கிறேன். மாமனாரிடம் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள். மோதிரம் வாங்கு, வண்டி வாங்கு. அப்பனிடம் இல்லாத ஒன்றை வாங்கும்போது மட்டும், அப்பன் கண்ணெதிரே வாங்காதே.

பேப்பரை இறக்கியபோது பக்கத்தில் உன் அம்மாவைக் காணோம். செருப்பு மட்டும் படியில் இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நீயும் உன் மாமனாரும் தூரத்தில். நான் முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டு, அதற்குமேல் இறங்கத் தைரியமில்லாமல் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். முப்பது வருஷமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அன்றைக்குக் குளித்தலையே கேட்டது. கத்திக்கொண்டே பார்த்தால், உங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பக்கம், நீரோட்டம் இருக்கிற இடத்தில், புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு, வானத்தைப் பார்த்து மல்லாக்க மிதந்துகொண்டிருக்கிறாள் உன் அம்மா. பிறகு சாவகாசமாகப் புரண்டு, கையை வீசிப் போட்டு, நீயும் உன் மாமனாரும் வாயைப் பிளந்து பார்க்கும்படி கரைக்கு வந்தாள்.

"இன்னாத்துக்கு இப்டி கத்தறீங்க? மானம் போவுது."

"உனுக்கு நீச்சல் தெரியுமா?"

"மணலூர்பேட்டைல பொறந்தவளுக்குத் தெரியாம இருக்குமா? அப்பல்லாம் எங்க ஆத்துல தண்ணி இருந்துது."

"எனக்குச் சொல்லவே இல்லியே."

"நீங்க எங்க என்ன தண்ணி இருக்கற எடத்துக்கு இட்டுனு போனீங்க?"

"சாத்தனூர் இட்டுனு போனேனே."

"அங்க முதலைங்க."

உன் மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க காவேரிக்கே நீச்சல் சொல்லித் தருவாங்க போலருக்கே சம்மந்தியம்மா" என்றார். நீயும் சிரித்தாய். அந்த நேரம் எனக்கு யார்மேல் பொறாமை என்றே கணக்குத் தெரியவில்லை. உன்னைத் தாங்கிய கைமேலா, அவளைத் தாங்கிய தண்ணீர்மேலா. முப்பது வருஷம் ஒரே வீட்டில், ஒரே மின்விசிறிக்குக் கீழே குடித்தனம் செய்த எனக்குத் தெரியாத ஒன்று, எந்த ஊரிலிருந்தோ ஓடி வருகிற ஒரு ஆற்றுக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஈரத்தலையைக் காற்றில் விட்டுக்கொண்டு வந்தாள். விழுப்புரம் தாண்டியதும் தலையைத் துவட்டி முடிந்துகொண்டாள். பிறகு, "ரெண்டு விசிலுக்காக அந்த ஊரு எனுக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சிக்காதீங்க" என்றாள். வேறெதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீ வீட்டு விஷயம் போனில் சொன்னதும் அவள் தலையாட்டியது பேரப்பிள்ளைக்காக மட்டும் என்று நீ நினைத்திருந்தால் திருத்திக்கொள். ஆற்றங்கரையில் பிறந்தவள் இத்தனை வருஷம் நெருப்பூரில் குப்பை கொட்டியிருக்கிறாள். ஒரு தடவைகூட வாயைத் திறந்து கேட்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? ஒரு வாரம் சண்டை போட்டேன். ஊரை விட்டு ஊர் போய் மகன் வீட்டில், அதுவும் சம்பந்தி தெருவில், என்ன கௌரவம் என்றேன். "சாமியே தன் ஊர்ல கொளம் இருக்க, ஆத்துக்குத்தான் போவுது. உங்களுக்கு மட்டும் இன்னா கௌரவம்?" என்றாள். "போவுது, ஒத்துக்கறேன். போனது அங்கியே குடி இருக்குதா? குளிச்சி முடிச்சி நேரா மலைக்குத் திரும்பிடுதுல்ல?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். முப்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. கொண்டாட ஆளில்லாமல் நானே டீ போட்டுக் குடித்தேன்.

ஆனால் சாமியின் ஆற்றுப் பயணம் மணலூர்பேட்டையோடு நின்றுவிடவில்லை. மாசி மகத்துக்கு நம் ஊருக்கு வெளியே பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றுக்குப் போகிறாரே, நீ பார்த்திருக்கிறாய். அந்தக் காலத்தில் இந்த ஊரை ஆண்ட பிள்ளையில்லாத ராஜா, கோபுரத்துக்கே பெயர் விட்டுப் போனவர், அவருக்கு நானே பிள்ளை என்று அண்ணாமலையார் வாக்குக் கொடுத்தாராம். கொடுத்த வாக்குக்கு இன்றைக்கும் வருஷம் தவறாமல் மேளதாளத்தோடு ஆற்றங்கரைக்குப் போய், மகனாக நின்று அந்த ராஜாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வருகிறார். நான் சின்ன வயதிலிருந்து அதைப் பக்தியோடுதான் பார்த்து வந்தேன். இந்த வருஷம் கூட்டத்தில் நின்று பார்த்தபோது, குளித்தலைக்கு உன் மாற்றல் உத்தரவு வந்த புதிது, புத்தி கெட்டுப்போய் அந்த ராஜாமேல் பொறாமைப்பட்டேன். பிள்ளையே இல்லாதவருக்குப் பிள்ளை வருஷா வருஷம் ஆற்றங்கரைக்கு வருகிறான். பெற்றுப் படிக்க வைத்தவனுக்கு, பொங்கலுக்கு வரச்சொன்னால் லீவ் கம்மி என்று பதில் வருகிறது. செத்துப்போன ராஜாவோடு போட்டி போடுகிற அளவுக்கு உன் அப்பன் வளர்ந்துவிட்டான். பக்கத்தில் நின்ற அம்மாள் நான் பக்தியில் கண் கலங்குவதாக நினைத்து எனக்கு விபூதி கொடுத்தார். பூசிக்கொண்டேன்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். உன் அம்மா வருகிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதனால் கயலை அவள் அம்மா பார்த்துக்கொள்வாள். உன் அம்மா ஆற்றைப் பார்த்துக்கொள்வாள். கொல்லைக் கதவுச் சாவியை அவளிடம் கொடுத்துவிடு. எப்போது போகிறாய், எப்போது வருகிறாய் என்று கேட்காதே. அதை நான் முப்பது வருஷம் கேட்டாயிற்று.

நான் குடியிருக்க வரமாட்டேன். குளிக்க வருவேன். மாதத்தில் கொஞ்ச நாள் அங்கே, பௌர்ணமிக்கு இங்கே. கிரிவலக் கூட்டத்தில் மாடி அறைக்குக் கேட்டு வருகிறவர்களை, நான் இல்லாதபோது, ரசம் குடித்த அந்த உன் பெரியப்பா நடத்துகிற விதத்தில் விட்டால், நமக்கும் ஒரு புயல் வந்த மாதிரிதான் வீடு இருக்கும். அதோடு, 'அங்க இன்னா இருக்கு' என்று நீ கேட்டாயே, அதற்கு ஒரு ஆள் இங்கே இருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வருவது அன்பினால் என்று உன் மாமனாரிடம் சொல்லிக்கொள். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். கொஞ்ச நாளாக விடியற்காலையில் அடி அண்ணாமலையில் குடியேறிய உன் தாய்மாமன் கிணற்றுக்குப் போய் வருகிறேன். உன் அம்மாதான் கூட்டிக்கொண்டு போகிறாள். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு, இடுப்பில் காலி டின்னைக் கட்டிக்கொண்டு, பாசி பிடித்த படியில் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். முதல் நாள் உன் மாமன் மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, மாமாவ எறக்கறதுக்கு முன்னாடி சொல்லு, தண்ணி மேல ஏறிச்சின்னா மோட்டார நிறுத்தணும்" என்றான். அவன் பெண்டாட்டி தினம் துணி துவைக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், மிச்சப் பாதிக்கு இந்தப் பத்திரிகை சொல்லிவிடும். உன் அம்மா வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து, "எக்காதீங்க, நான் இருக்கேன்ல" என்கிறாள். நான் எக்குகிறேன், மூழ்குகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், திட்டு வாங்குகிறேன். நேற்று டின்னை அவிழ்த்துவிட்டாள். இந்தப் படியிலிருந்து எதிர்ப்படிக்குப் போய்ச் சேர்ந்தேன். நாய் நீந்துகிற மாதிரி இருந்தது என்றாள். நாய் கரை சேர்ந்துவிடுகிறது, அது போதும் எனக்கு.

உன்னைத் தண்ணீரில் தாங்குகிற யோகம் எனக்கில்லாமல் போயிற்று. அது போனது போனதுதான், அந்தக் காலையை நான் காவேரிக்கே விட்டுவிட்டேன். பிறக்கப்போகிற பிள்ளை, ஆணோ பெண்ணோ, ஆற்றங்கரை வீட்டில் வளர்ந்தால் ஒரு நாள் தானே தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டும். அன்றைக்கு அந்த வயிற்றுக்கு அடியில் இருக்கப்போவது என் கை. அதற்குள் நான் தேறிவிடுவேன். நான் வந்து சேர்கிறவரைக்கும் பிள்ளையை யாரும் ஆற்றில் இறக்கக்கூடாது. உன் மாமனார் கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், அவருக்கும் ஒரு வேலை வேண்டுமில்லையா. இதை அவரிடம் நயமாகச் சொல். நயமாகச் சொல்ல வராவிட்டால், அப்படியே சொல்லிவிடு.